அடுப்பில்லாத மெஸ்

ஏழுபனைக்குறிச்சியில் ஒரு மெஸ் இருக்கிறது, அதில் அடுப்பு கிடையாது. அடுப்பு கிடையாது, சமையல்காரன் கிடையாது, உலை வைக்க ஒரு சட்டிகூடக் கிடையாது. மேஜையும் பெஞ்சும் வாழையிலைக் கட்டும், கல்லாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் உலகம்மாளும்தான் உண்டு. டோக்கன் எடுத்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தால், எடுத்தவர் வீட்டில் அன்றைக்கு என்ன ஆக்கினார்களோ அது, அவர் கூட்டி வந்த அத்தனை பேர் இலையிலும் ஆவி பறக்க வந்து விழும். ஒரு ஆள் வந்தாலும் சரி, ஒரு பஸ் ஆள் வந்தாலும் சரி, இங்கேயும் பற்றாமல் போகாது, வீட்டுப் பானையிலும் ஒரு பருக்கை குறையாது. விறகுச் செலவும் அரிசிச் செலவும் இல்லாததால் டோக்கன் நாற்பது ரூபாய். இது எப்படித் தொடங்கியது என்று உலகம்மாளும் கேட்டதில்லை, அவள் மாமியாரும் கேட்டதில்லை. மழை ஏன் மேலேயிருந்து பெய்கிறது என்று யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

ஊர் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் பெண்ணின் தகப்பனாரை இங்கே கூட்டி வந்து டோக்கன் எடுக்க வைத்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் காட்டி ஏமாற்ற முடியாது, தினப்படி அந்த வீட்டில் என்ன வேகிறது என்று இலையில் தெரிந்துவிடும். 'பழைய கஞ்சி குடித்து வளர்ந்தவன் நான்' என்று மேடையில் பேசிவிட்டு வந்த ஒரு வேட்பாளர் தொண்டர்களுக்கு டோக்கன் எடுக்க, நாற்பது இலையிலும் வஞ்சிர மீன் வறுவல் விழுந்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரனும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனதை மறைத்து வைத்திருந்த ஒரு கிளார்க்குக்கு இலை வெறுமையாகவே கிடந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லி இலையை மடித்துக்கொண்டு எழுந்தார். இன்னும் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவுமுன் அந்த வீட்டுக்காரரைப் பார்த்து 'நிறைஞ்சது' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் தண்ணீர் பட்டதும் கை சுத்தமாகிவிடும். சொல்லாவிட்டால் சாப்பாட்டு வாசம் கையை விட்டுப் போகாது. யாரும் சொல்லாமல் போனதில்லை. உண்ட வாய்க்கு அது ஒரு பாரமா?

தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். பதினேழு வருஷமாக ஆசிரியர்களின் அறையைக் கூட்டி, மேஜையைத் துடைத்து, தேநீர் வாங்கி வந்து கொடுத்து, அவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தவள். அவள் தேநீர் குடிக்க மட்டும் தனியாக ஒரு பெரிய டம்ளர். மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதென்று அதன் அடியில் கனகவல்லி டீச்சர் தன் கையாலேயே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். பிறகு எல்லாருக்கும் காகிதக் கப் வந்தபோது, 'இதை நீயே கொண்டு போயிரு புஷ்பம்' என்று பெருந்தன்மையோடு கொடுத்துவிட்டார்கள். ஊருக்குக் கிழக்கே காலனியில் இருக்கும் அவள் வீட்டுக்கு அவர்களில் யாரும் வந்ததில்லை. மகள் சுகப்பிரியா பெரியவளானபோது பத்திரிகை வைத்தாள். ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு வெள்ளிக்கிழமை, ஒருவருக்கு விரதம். மொய் மட்டும் கவரில் வந்தது. மகள் பிளஸ் டூவில் முதல் மார்க் வாங்கியதற்கு லட்டு கொண்டு போய்க் கொடுத்தாள். 'வச்சிட்டுப் போ' என்றார்கள். மறுநாள் காலையில் அந்த லட்டுகள் கிணற்றடிக் குப்பையில் கிடந்தன. அவற்றை அள்ளிப் போட்டதும் அவள்தான், கூட்டுகிறவள் அவள்தானே.

இப்போது அதே மகள் பரீட்சை எழுதி, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆசிரியர்களின் சம்பள பில் எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஒன்பது பேர் திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வேன் பிடித்துக் கிளம்பியபோது, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, 'நீயும் வா புஷ்பம், சுகப்பிரியா வேலைக்கு எங்களுக்கு ட்ரீட் தர வேண்டாமா?' என்று கனகவல்லி டீச்சரே கூப்பிட்டாள். புஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குத்தானே வர மாட்டார்கள், ஓட்டலுக்கு என்ன வந்தது? தான் போடும் இலையில் இவர்கள் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் போதும், இந்தப் பதினேழு வருஷமும் கழுவிப் போய்விடும் என்று அவள் நினைத்தாள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு வேனில் கடைசி சீட்டில் ஏறினாள்.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது மணி ஒன்றரை. விடுமுறைக் கூட்டம், ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும் வரிசை தெருவரை நின்றது. வேனுக்குள் பட்டிமன்றம் ஆரம்பமாயிற்று.

"ஏசி ஓட்டலா பாத்து நிறுத்துங்கப்பா, உள்ள உக்காந்தாத்தான் ட்ரீட் மாதிரி இருக்கும்" என்றார் கணக்கு வாத்தியார் வேலாயுதம். புஷ்பம் முந்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பாவம், அவ என்ன பண்ணுவா, சுமாரா ஒண்ணு பாப்போம்" என்றாள் கனகவல்லி டீச்சர்.

"பிரியாணிக் கடை?"

"எனக்கு ஆகாது. பதினோரு பேரும் ஒண்ணா உக்காரணும், சீக்கிரம் கிடைக்கணும், விலையும் கட்டுப்படியாகணும்" என்றார் தலைமையாசிரியர் சங்கரலிங்கம். பதினோராவது ஆள் டிரைவர் மிக்கேல். கூட்டி வருகிற டிரைவருக்கு ஓட்டலில் சாப்பாடு இனாம் என்பதால் அவர் எந்தச் சண்டையிலும் சேரவில்லை. கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"அப்போ ஏழுபனை மெஸ்தான் சார். இருபது நிமிஷம். டோக்கன் எடுக்கவங்க வீட்டுச் சமையல் இலையில வரும், கேள்விப்பட்டிருப்பீங்களே. சாப்பிட்டுட்டு நிறைஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கை கழுவணும், அம்புட்டுத்தான்."

கேள்விப்படாதவர் யாரும் இல்லை. டோக்கன் எடுக்கப் போகிறது யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கடைசி சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாத அந்தக் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டு புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். லட்டு கிடந்த குப்பை அவள் நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியர்தான் வழி கண்டுபிடித்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவருக்கு இது கூடத் தெரியாதா?

"புஷ்பம், நீ காசைக் கனகவல்லி டீச்சர்கிட்டக் குடுத்துரு. டீச்சர் கையால டோக்கன் எடுக்கட்டும். ட்ரீட்டு உன்னோடது, சமையல் அவங்க வீட்டோடது. உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. என்ன சொல்லுத?"

நல்ல யோசனை, நல்ல யோசனை என்று வேன் முழுக்கச் சிரித்தது. "சரிங்க சார்" என்றாள் புஷ்பம். வேறு என்ன சொல்வாள்? முந்தியை அவிழ்த்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

மெஸ்ஸில் கனகவல்லி டீச்சர் நோட்டுகளை நீட்ட, உலகம்மாள் வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். அரிசி வாசம் அடித்தது.

"இது உங்க வீட்டு நோட்டாம்மா?"

"ஆமா, பின்ன யார் வீட்டு நோட்டு?" என்றாள் கனகவல்லி டீச்சர். உலகம்மாள் டோக்கன்களைக் கிழித்துக் கொடுத்தாள்.

நீளமான மேஜையில் ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் புஷ்பத்துக்கும் டிரைவருக்கும் இலை போட்டிருந்தது. யாரும் சொல்லவில்லை, அவளே அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் தெளித்தார்கள். சோறு விழுந்தது, முருங்கைக்கீரை விழுந்தது, அவித்த முட்டை விழுந்தது, மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மணத்தோடு வந்து சோற்றின் மேல் பரவியது. புஷ்பம் குனிந்து இலையை உற்றுப் பார்த்தாள். மாங்காயைக் கொட்டையோடு நாலாக வெட்டிப் போடுவது சுகப்பிரியாவின் பழக்கம். கடுகைக் கொஞ்சம் கருக விடுவதும் அவள் பழக்கம். 'நீ இல்லாத அன்னைக்குத்தாம்மா வீட்ல என் சமையல்' என்று காலையில் போனில் சொன்னவள் அவள்.

கனகவல்லி டீச்சர் இலையைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"பாருங்க சார், நான் ஊர்ல இல்லைன்னதும் எங்க அத்தை கருவாடு வாங்கியிருக்கா! எனக்குத் தெரியாம இந்தக் கிழவி என்னென்ன ஆக்கித் திங்கா பாருங்க!"

"கிழவி கையைக் கும்பிடணும் டீச்சர்" என்றார் வேலாயுதம், இரண்டாவது உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே. "இப்படி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதே இல்ல."

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்றாள் கனகவல்லி டீச்சர்.

சோறு கேட்டார்கள், வந்தது. குழம்பு கேட்டார்கள், வந்தது. கனகவல்லி டீச்சர் இரண்டு தடவை குழம்பு வாங்கினாள். குழம்பு முழங்கை வரை வழிய, தலைமையாசிரியர் அதையும் நக்கி எடுத்தார். புஷ்பம் ஒரு வாய் கூடச் சாப்பிடாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இது எங்கள் வீட்டுக் குழம்பு என்று எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் துப்பிவிடுவார்கள். வேண்டாம், பெயர் டீச்சருக்கே போகட்டும், வயிறு நிறைந்தது நம்மால்தான் என்று நமக்குத் தெரிந்தால் போதும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்தச் சில நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்தது அந்தச் சில நிமிஷம்தான்.

வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு அன்று சுகப்பிரியா பாயசமும் வைத்திருந்தாள். வீட்டில் பாயசம் ஊற்றிக் குடிக்கத் தோதான பெரிய டம்ளர் ஒன்றுதான் உண்டு. ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் அந்த டம்ளரில் பாயசம் வந்து உட்கார்ந்தது. தலைமையாசிரியர் அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தபோது, எதிரே இருந்த வேலாயுதத்தின் கண்ணில் டம்ளரின் அடி பட்டது. அவர் தன் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் பார்த்தார். மேஜை நெடுக, ஒன்பது டம்ளரின் அடியிலும் சிவப்புப் பொட்டு.

தன் கையால் வைத்த பொட்டை யாருக்கு அடையாளம் தெரியாது? கனகவல்லி டீச்சரின் முகம் வெளுத்தது.

"ஏட்டி, என்ன வேலை பாத்து வச்சிருக்க நீ?"

"நான் ஒண்ணும் செய்யலையே டீச்சர். நீங்கதான டோக்கன் எடுத்தீங்க."

"டோக்கனை எந்தக் கை எடுத்தா என்ன?" என்று கல்லாவிலிருந்து உலகம்மாள் சொன்னாள், விசிறியை நிறுத்தாமல். "காசு எந்த வீட்டு அரிசிப் பானையில கிடந்துச்சோ அந்த வீட்டுச் சோறு. மோந்து பாத்துட்டுத்தான உங்க வீட்டு நோட்டான்னு கேட்டேன்? ஆமான்னு சொன்னது யாரு?"

தலைமையாசிரியர் இலையை மடித்தார்; விருந்தில் மடிப்பதுபோல் தன் பக்கமாக அல்ல, எழவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக. அவரைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் அப்படியே மடித்தார்கள். டிரைவர் மிக்கேல் தன் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து, "நிறைஞ்சதுக்கா, வயிறு மட்டுமில்ல" என்று சொல்லிக் கை கழுவினார். சுத்தமான கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். புஷ்பம் தொட்டிக்குப் பக்கத்தில் செம்பில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு நின்றாள். ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேரும் அவளைக் கடந்து போனார்கள். ஒருவரும் அவள் ஊற்றக் கை நீட்டவில்லை, ஒருவரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

கன்னியாகுமரியில் சூரியன் இறங்குமுன் எல்லாரும் கடலில் குளித்தார்கள். டூர் வந்தவர்கள் கடலில் குளிப்பது வழக்கம்தானே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் இவர்கள் தலை முழுகினார்கள், மூன்று தடவை, வாயைக் கொப்பளித்து, சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள்போல. கரையில் ஒன்பது ஜோடிச் செருப்புக்கும் கைப்பைகளுக்கும் புஷ்பம் காவல் இருந்தாள். கரையேறியதும் ஒவ்வொருவரும் யாருக்கும் தெரியாமல் வலது கையை மோந்து பார்த்தார்கள். கருவாடும் மாங்காயும் கருகிய கடுகும் கலந்து மணத்தன.

"அந்த ஒரு வார்த்தை சொன்னாப் போயிரும் சார்" என்றாள் புஷ்பம் மெதுவாக.

"வாயை மூடு" என்றார் தலைமையாசிரியர்.

பள்ளிக்கூடம் திறந்தது, வாசமும் கூடவே வந்தது. முதலில் எல்லாரும் முகம் சுளித்தார்கள், அப்புறம் வழக்கம்போல் பழகிவிட்டது. வேலாயுதம் சாக்பீஸ் பிடித்துக் கரும்பலகையில் கணக்குப் போடும்போது பிள்ளைகளுக்குப் பதினோரு மணிக்கே வயிறு கிள்ளியது. கணக்குப் பீரியடை மதியச் சாப்பாட்டுக்கு அடுத்து மாற்றிவிட்டார்கள். தெருப் பூனைகள் தலைமையாசிரியரின் சைக்கிளுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வரை வந்து, மணி அடித்ததும் கலைந்து போயின. கோயில் பூசாரி அவர்கள் கையில் திருநீற்றை ஒரு முழம் உயரத்திலிருந்து போட்டார். ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரியும், மருந்தும் தெரியும். 'ஒரு வார்த்தைதான, சொல்லித் தொலைச்சா என்ன?' என்று டீக்கடையில் பேசுவார்கள். 'எப்படிய்யா சொல்லுவாங்க, சொன்னா அங்க சாப்பிட்டதா ஆயிருமே' என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். கை மணத்தாலும் பரவாயில்லை, சாப்பிட்டதாக ஆகிவிடக் கூடாது. அதுதான் நியாயம் என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து, புஷ்பத்தை முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மனுவில் காரணம், பணியில் ஒழுங்கின்மை. அது சுகப்பிரியாவின் மேஜைக்குத்தான் வந்தது. காகிதத்தைக் கையில் எடுத்தவள் மூக்கைச் சுளித்து யோசித்தாள்.

"ஏம்மா, அவங்க அனுப்புன மனுவுல ஏன் என் குழம்பு மணக்கு?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள். புஷ்பம் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். "ரெண்டாந்தடவை வாங்கினாங்களாம்மா?" என்று கேட்டாள் மகள்.

தை மாதம் கனகவல்லி டீச்சரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலனி முனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, அவள் புஷ்பத்தின் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"புஷ்பம், சம்பந்தி வீட்டுக்காரங்க சைவம். கையில இந்த வாசத்தோட நான் எப்படித் தாரை வார்ப்பேன்? அந்த வார்த்தையைச் சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

புஷ்பத்துக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. வெயிலில் வந்தவளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றுதான் தோன்றியது. பெரிய டம்ளரில் மொண்டு வந்து நீட்டினாள். "குடிச்சிட்டுச் சொல்லுங்க டீச்சர்."

கனகவல்லி டீச்சர் டம்ளரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புஷ்பம் கையை நீட்டியபடியே நின்றாள்.

"தாகமில்ல" என்றாள் டீச்சர். திரும்பி நடந்தாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் புஷ்பத்துக்குக் கோபம் வந்தது, பதினேழு வருஷக் கோபமும் ஒன்றாக.

கூட வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பும் வழக்கப்படி கல்யாணப் பத்திரிகை புஷ்பத்துக்கும் தபாலில் வந்தது. வர மாட்டாள் என்று நம்பித்தான் அனுப்பினார்கள். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். மணவறையில் கனகவல்லி டீச்சரின் வலது கையில் மணிக்கட்டு வரை வெள்ளைத் துணிக்கட்டு. அரிவாள்மனை வெட்டிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். கட்டுக்கு மேல் சந்தனம் தடவியிருந்தார்கள், சந்தனத்துக்கு மேல் அத்தர். புஷ்பம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாள். இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.

கை கழுவும் இடத்தில் கனகவல்லி டீச்சரும் மாப்பிள்ளையின் அம்மாவும் நின்று வந்தவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் நேரே அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நிறைஞ்சது டீச்சர்" என்றாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

டீச்சர் கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைத் தூக்கி மோந்தாள்.

"இதென்ன, சைவப் பந்தியில கருவாட்டு வாசம் அடிக்கு?"

"அது எங்க வீட்டுக் குழம்பும்மா" என்றாள் புஷ்பம். "டீச்சர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. அந்தக் கட்டை அவுத்துப் பாருங்க."

சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பட்டதும் அவள் கை சுத்தமானது.